நவரினோவில் ஒரு கிரேக்கக் கப்பல்கூட இல்லை. அப்புறம் அது எப்படிக் கிரேக்கர்களின் போர்?

கேள்வி இதுதான். 1827 அக்டோபர் 20 அன்று நவரினோ விரிகுடாவில் மோதியவை ஒரு பக்கம் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யக் கப்பல்கள். மறுபக்கம் துருக்கி, எகிப்துக் கப்பல்கள். கிரேக்கக் கொடி பறந்த கப்பல் ஒன்றுகூட அங்கே இல்லை. பின் எதற்காக அதைக் கிரேக்க விடுதலைப் போரின் தலைவிதியை நிர்ணயித்த போர் என்கிறார்கள்? கிரேக்கர்களுக்கு விடுதலை தானமாகக் கிடைத்ததா?

கப்பல் இல்லை என்பது உண்மை. தானம் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் என்று சொல்ல, போருக்கு ஆறு வருடம் முன்னால் போக வேண்டும்.

கிரேக்கர்கள் தங்களை ஆண்ட துருக்கிச் சுல்தானுக்கு எதிராக எழுந்தது 1821 வசந்த காலத்தில். ஒதெஸ்ஸா நகரத்தில் 1814-இல் சில வணிகர்கள் தொடங்கிய ரகசியச் சங்கம் அதற்கு விதை போட்டிருந்தது. தென்கிரேக்கத்தின் பெலொப்பனீஸ் தீபகற்பம் முதலில் பற்றிக்கொண்டது. கொலோகோட்ரோனிஸ் போன்ற மலைநாட்டுத் தலைவர்கள் கணவாய்களில் பதுங்கியிருந்து துருக்கிப் படையைச் சிதறடித்தார்கள். 1822-இல் தெர்வெனாக்கியா கணவாயில் திராமலி பாஷாவின் பெரும் படை அழிந்தது அப்படித்தான். இதே கிரேக்கர்கள் 1821-இல் திரிபொலித்சா நகரைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அடுத்த வருடம் கியோஸ் தீவில் துருக்கிப் படை கிரேக்கர்களை வெட்டிச் சாய்த்தது; மிஞ்சியவர்களை அடிமைகளாக விற்றது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் இந்தப் போர் புரியாது.

வெற்றி கைக்கு வந்த நேரத்தில் கிரேக்கர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். 1823-இலிருந்து 1825 வரை இரண்டு உள்நாட்டுச் சண்டைகள். கொலோகோட்ரோனிஸையே சொந்த அரசு சிறையில் போட்டது. அந்தச் சமயம் பார்த்து சுல்தான் இரண்டாம் மஹ்மூத் எகிப்தின் ஆளுநர் முகமது அலியிடம் உதவி கேட்டார். முகமது அலி தன் மகன் இப்ராஹிம் பாஷாவை அனுப்பினார். 1825 பிப்ரவரியில் இப்ராஹிம் பெலொப்பனீஸின் மெத்தோனியில் கரையிறங்கினார். அவருடையது பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்சி கொடுத்த, வரிசை குலையாத படை. கணவாயில் மறைந்து சுட்டுவிட்டு ஓடும் போர்முறை அதனிடம் பலிக்கவில்லை. அந்த வருடம் மே மாதமே நவரினோ கோட்டையும் அவர் கைக்குப் போய்விட்டது. 1826 ஏப்ரலில், ஒரு வருட முற்றுகைக்குப் பிறகு மேற்குக் கிரேக்கத்தின் மிசொலோங்கி நகரம் வீழ்ந்தது. உணவு தீர்ந்த நிலையில் ஊர்மக்கள் ஒரே இரவில் கோட்டையைவிட்டு வெளியே பாய்ந்தார்கள். பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். 1827 ஜூனில் ஏதென்ஸின் அக்ரோபொலிஸும் சரணடைந்தது.

அப்போது கிரேக்கர்கள் கையில் மிஞ்சியது நாஃப்ளியோ நகரம், சில மலைகள், ஹைட்ரா மாதிரி ஒரு சில தீவுகள். இப்ராஹிம் அடுத்துக் குறிவைத்தது ஹைட்ராவை. கிரேக்கக் கப்பற்படையின் உயிர்நாடி அந்தத் தீவு. அதற்காகவே 1827 செப்டம்பரில் எகிப்திலிருந்து ஒரு பெரிய கப்பல்தொகுதி புதிய படைவீரர்களோடு நவரினோவுக்கு வந்து சேர்ந்தது. அது ஹைட்ராவை எட்டியிருந்தால் 1821-இன் எழுச்சி, தோற்றுப்போன இன்னொரு கலகமாக முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, வல்லரசுகள் ஏன் வந்தன? ரஷ்யாவுக்கு ஒரே ஆர்த்தடாக்ஸ் மதம் என்ற பாசமும், துருக்கியைத் தளரவைக்கும் ஆசையும் உண்டு. 1825 கடைசியில் பட்டத்துக்கு வந்த ஜார் முதலாம் நிக்கோலஸ் தன் அண்ணனைப் போலத் தயங்குகிறவர் இல்லை. ரஷ்யாவைத் தனியாக விட்டால் எங்கே போய் நிற்குமோ என்ற பயம் பிரிட்டனுக்கு. பிரான்ஸ் ஒதுங்கியிருக்க விரும்பவில்லை. இவை அரசுகளின் கணக்குகள். ஆனால் மக்களிடம் வேறொரு வேகம் இருந்தது. கவிஞர் பைரன் 1824-இல் மிசொலோங்கியில் காய்ச்சலில் இறந்ததும், இரண்டு வருடம் கழித்து அதே ஊர் அழிந்ததும் ஐரோப்பா முழுக்க மனசாட்சியை உலுக்கியிருந்தன. நிதி திரட்டாத பெரிய நகரம் இல்லை என்ற நிலை. அந்த மக்களின் அழுத்தம் இல்லாமல் அரசுகள் நகர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மிசொலோங்கியில் ஒரு வருடம் பட்டினியோடு தாக்குப்பிடித்தவர்கள்தான் அந்த அழுத்தத்தை உண்டாக்கினார்கள்.

1827 ஜூலை 6 அன்று மூன்று நாடுகளும் லண்டனில் ஒப்பந்தம் போட்டன. அதில் சுதந்திரம் என்ற பேச்சே இல்லை. சுல்தானுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு கிரேக்கர்கள் தங்களைத் தாங்களே ஆளலாம் என்பதுதான் திட்டம். இரு தரப்பும் சண்டையை நிறுத்த வேண்டும். கிரேக்கர்கள் ஒப்புக்கொண்டார்கள், சுல்தான் மறுத்துவிட்டார். மறுத்தால் என்ன செய்வது? எகிப்திலிருந்து ஆளும் ஆயுதமும் கிரேக்கத்துக்குப் போகாமல் தடுக்க வேண்டும், ஆனால் போர் மூளக்கூடாது என்று கடற்படைத் தளபதிகளுக்கு உத்தரவு. வழியை மறி, கைவைக்காதே என்கிற மாதிரி. பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் காட்ரிங்டன் இதற்கு என்ன அர்த்தம் என்று கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்த பிரிட்டிஷ் தூதரைக் கேட்டார். மற்ற எல்லா வழியும் தீர்ந்துபோனால் கடைசியில் பீரங்கிதான் என்று பதில் வந்தது. உத்தரவு எழுதிய அமைச்சர்களைவிட அந்தத் தூதர் நேர்மையாகப் பேசினார் என்பேன். திட்டத்துக்கு முதுகெலும்பாக இருந்த பிரிட்டிஷ் பிரதமர் கானிங் ஆகஸ்டிலேயே இறந்துபோனார். ஆக, கடலில் இருந்த தளபதிகளே பொறுப்பைச் சுமக்க வேண்டியதாயிற்று.

இப்போது நவரினோவின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இன்றைய பெயர் பைலோஸ். பெலொப்பனீஸின் தென்மேற்கு மூலையில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள விரிகுடா. மேற்கே ஸ்ஃபக்டீரியா என்ற ஒடுங்கிய நீளத் தீவு கதவு மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கிறது. வடக்கே உள்ள இடுக்கில் சிறு படகுகள்தான் நுழைய முடியும். பெரிய கப்பல்களுக்குத் தெற்கு வாய் ஒன்றே வழி. அந்த வாயின் ஒரு கரையில் கோட்டை, மறுகரையில் தீவின் முனை, இரண்டிலும் பீரங்கிகள். கி.மு. 425-இல் ஏதென்ஸ் படை ஸ்பார்ட்டா வீரர்களைச் சுற்றி வளைத்துச் சரணடைய வைத்ததும் இதே தீவில்தான். நுழைந்தவன் எளிதில் வெளியே வர முடியாத இடம் அது.

செப்டம்பர் 25 அன்று காட்ரிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ஹென்றி தெ ரிக்னியும் இப்ராஹிமை நேரில் சந்தித்தார்கள். சுல்தானிடமிருந்து பதில் வரும்வரை கப்பல்கள் அசையாது என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டார் இப்ராஹிம். இந்த இடத்தில் கிரேக்கக் கொடி கதைக்குள் வருகிறது. அதே மாதக் கடைசியில் கொரிந்து வளைகுடாவில் இத்தேயா என்ற இடத்தில், கார்த்தேரியா என்ற நீராவிப் போர்க்கப்பல் துருக்கிக் கப்பல்தொகுதி ஒன்றைச் சுட்டெரித்தது. கிரேக்கக் கடற்படையின் கப்பல் அது. தலைமை தாங்கியவர் கிரேக்கர்களுக்காகப் போராட வந்த ஆங்கிலேயர் ஹேஸ்டிங்ஸ். எங்களை மட்டும் கட்டிப்போட்டுவிட்டு அவர்களை அவிழ்த்து விட்டிருக்கிறீர்களே என்று இப்ராஹிம் கொதித்தார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் அவர் பத்ராஸ் பக்கம் அனுப்பிய கப்பல்களைக் காட்ரிங்டன் புயல் காற்றில் கைவசம் இருந்த சில கப்பல்களோடு மறித்துத் திருப்பி அனுப்பினார்.

கடலில் அடைபட்ட இப்ராஹிம் தன் ஆத்திரத்தை நிலத்தில் காட்டினார். நவரினோவைச் சுற்றியுள்ள மெஸ்ஸீனியா வட்டாரம் முழுக்க ஊர்களும் ஒலிவ மரங்களும் அத்தி மரங்களும் எரிந்தன. புகை கடலிலிருந்தே தெரிந்தது. நிலைமையைப் பார்த்துவரப் போன ஹாமில்டன் என்ற கேப்டன் எழுதி அனுப்பிய அறிக்கையில், பெண்களும் குழந்தைகளும் நிமிடத்துக்கு நிமிடம் பசியால் செத்துக்கொண்டிருப்பதையும், அவித்த புல்லைத் தவிர அவர்களுக்கு உணவு இல்லாததையும் குறிப்பிட்டார். அவித்த புல் என்ற அந்த ஒரு விவரம் மூன்று தளபதிகளையும் எவ்வளவு பாதித்தது என்பதை அடுத்து நடந்தது சொல்கிறது. அக்டோபர் 18 அன்று மூவரும் கூடிக் கையெழுத்திட்டார்கள். வெளியே காவல் காத்தால் குளிர்காலப் புயல் கலைத்துவிடும். ஆகவே விரிகுடாவுக்கு உள்ளேயே போய், எதிரிக் கப்பல்களின் அருகில் நங்கூரம் போட்டு நின்றுவிடுவது என்று முடிவு.

மூன்றாவது தளபதி லாகின் ஹெய்டன், ஹாலந்தில் பிறந்து ரஷ்யக் கடற்படையில் சேர்ந்தவர். காட்ரிங்டனோ 1805-இல் டிரஃபால்கரில் பிரெஞ்சுக் கப்பல்களோடு மோதியவர். இப்போது பிரெஞ்சுக்காரர்கள் அவர் பக்கத்தில். பிரிட்டனின் தலைமைக் கப்பல் ஏசியா, 84 பீரங்கிகள் கொண்டது. நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி: அந்தக் கப்பல் பம்பாய் கப்பல்துறையில் பார்சி வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1824-இல் நீரில் இறக்கியது. மூன்றே வருடத்தில் அது கிரேக்கக் கரையில் போருக்கு நடுவே நின்றது.

நேச நாடுகளிடம் மொத்தம் 27 கப்பல்கள். அதில் 10 பெரிய போர்க்கப்பல்கள். எதிரில் சிறியதும் பெரியதுமாக 70-க்கும் மேல். ஆனால் பெரிய போர்க்கப்பல்கள் மூன்றே மூன்று. பிரெஞ்சு ஆலோசகர் சொல்லிக்கொடுத்தபடி அவை லாட வடிவில், பெரியவை முன்னும் சிறியவை பின்னுமாக, இடைவெளிகளில் சுடும்படி நின்றன. லாடத்தின் இரு முனைகளிலும் தீக்கப்பல்கள். அவற்றில் எரிபொருளை நிரப்பி, தீ வைத்து எதிரிமேல் மோதவிடுவார்கள். மரக்கப்பல் காலத்தில் இதைவிடப் பயங்கரமான ஆயுதம் கிடையாது.

20-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு ஏசியா முன்னால் நுழைந்தது. கோட்டை சுடவில்லை. ஒரு படகு வந்து, உள்ளே வர அனுமதி இல்லை என்றது. நான் உத்தரவு வாங்க வரவில்லை, கொடுக்க வந்திருக்கிறேன் என்று காட்ரிங்டன் சொல்லி அனுப்பினார். எதிரி சுடாமல் யாரும் சுடக்கூடாது என்பது அவர் தன் கப்பல்களுக்கு இட்ட கட்டளை. ஏசியா இரண்டு எதிரித் தலைமைக் கப்பல்களுக்கு நடுவே நங்கூரமிட்டது. இப்ராஹிம் அன்று அங்கே இல்லை. எகிப்தியர்களுக்கு முகர்ரம் பே என்ற தளபதியும் துருக்கியர்களுக்குத் தாஹிர் பாஷாவும் பொறுப்பு.

தொடங்கிய விதம் இப்படி. டார்ட்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு தீக்கப்பலில் ஆட்கள் எதையோ தயார்செய்வது தெரிந்தது. விலகிப்போகச் சொல்ல ஒரு படகு அனுப்பப்பட்டது. தீக்கப்பலிலிருந்து துப்பாக்கியால் சுட்டார்கள். படகுக்குத் தலைமை தாங்கிய இளம் அதிகாரி செத்து விழுந்தார். டார்ட்மவுத்தும், பக்கத்தில் நின்ற பிரெஞ்சுத் தலைமைக் கப்பல் சிரேனும் தம் ஆட்களைக் காக்கத் துப்பாக்கியால் சுட்டன. ஓர் எகிப்தியக் கப்பல் சிரேனை நோக்கிப் பீரங்கியால் சுட்டது. சில நிமிடங்களில் விரிகுடா முழுவதும் வெடித்தது.

அப்போதும் முகர்ரம் பே இருந்த கப்பல் சுடவில்லை. நாங்கள் சுட மாட்டோம் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். அதை உறுதி செய்துகொள்ளக் காட்ரிங்டன் ஒரு படகில் தன் வழிகாட்டி மாலுமியைத் தூதாக அனுப்பினார். பேத்ரோஸ் மிக்கேலிஸ் என்ற கிரேக்கர் அவர். துருக்கி மொழி தெரிந்தவர். எகிப்தியக் கப்பலின் பக்கத்தில் படகு நின்றபோதே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதன் பிறகு ஏசியாவின் பீரங்கிகள் அந்தக் கப்பலைப் பிளந்து போட்டன. கிரேக்கக் கப்பல் இல்லாத போரில் கிரேக்க ரத்தம் சிந்தாமல் போகவில்லை.

ரஷ்யர்கள் கடைசியாக நுழைந்தார்கள். புகையில் எதிரே நிற்பது எது என்று தெரியாத நிலையில், இரு கரைப் பீரங்கிகளின் சூட்டையும் வாங்கிக்கொண்டு தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேப்டன் லாசரெவ் நடத்திய தலைமைக் கப்பல் அஸோவில் மட்டும் 153 குண்டுகள் பாய்ந்திருந்தன. அதன் இக்கட்டைப் பார்த்து பிரெஞ்சுக் கப்பல் பிரெஸ்லாவ் தன் இடத்தைவிட்டு உதவிக்கு வந்தது. அஸோவில் இளைஞர்களாக இருந்த நஹீமொவ், கொர்னீலொவ், இஸ்தோமின் மூவரும் பின்னாளில் கிரிமியப் போரில் செவஸ்தோபோல் காவலில் உயிர்விட்டவர்கள். அவர்களைக் கொன்றவை பிரிட்டிஷ், பிரெஞ்சுக் குண்டுகள். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும் எனக்கு.

நங்கூரமிட்ட கப்பல்கள் பிஸ்டல் தூரத்தில் நின்று நான்கு மணிநேரம் சுட்டுக்கொண்டன. தந்திரம், திருப்பம், துரத்தல் எதுவும் இல்லை. எவன் வேகமாகக் குண்டு போட்டுக் குறிதவறாமல் சுடுகிறானோ அவன் பிழைத்தான். ஏசியாவின் பின்பாய்மரம் முறிந்து விழுந்தது. அதில் பணியாற்றிய காட்ரிங்டனின் மகன் ஹென்றி படுகாயம் அடைந்தார். ஜெனோவா என்ற பிரிட்டிஷ் கப்பலின் கேப்டன் பாதர்ஸ்ட் செத்தார். ஆனால் மாலை ஆறு மணிக்கு நேச நாடுகள் ஒரு கப்பலைக்கூட இழந்திருக்கவில்லை. எதிர்ப்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று மாலுமிகளே தம் கப்பல்களுக்குத் தீ வைத்தார்கள்; இரவு முழுக்க வெடிச்சத்தம். மொத்தம் 60 கப்பல் அளவுக்கு அழிந்தன. நேச நாடுகள் பக்கம் இறந்தவர்கள் 200-க்குள், காயம்பட்டோர் 480 அளவு. மறுபக்கம் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இஸ்தான்புல்லிலும் நைல் கரையிலும் எத்தனையோ வீடுகளில் அந்த இலையுதிர்காலம் ஒப்பாரியோடு போயிருக்கும்.

துருக்கி மாலுமிகள் கோழைகள் இல்லை. அசையாமல் நின்று சுட்டார்கள். திறமையில்தான் இடைவெளி. கேள்விக்கு என் முக்கியமான பதிலும் இங்கேதான் இருக்கிறது. 1821 வரை சுல்தானின் கப்பற்படையில் பாய் விரித்தவர்களும் சுக்கான் பிடித்தவர்களும் பெருமளவு கிரேக்கத் தீவுக்காரர்கள். ஹைட்ரா, ஸ்பெட்சே, ப்சாரா ஊர்களின் பிள்ளைகள். எழுச்சி தொடங்கியதும் அவர்கள் போய்விட்டார்கள். வெற்றிடத்தை நிரப்பக் கடலையே பார்த்திராத ஆட்களைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கூடவே ஆறு வருடம் கிரேக்கத் தீக்கப்பல்கள் துருக்கிக் கப்பல்களை ஒவ்வொன்றாக எரித்துவந்தன. நவரினோவில் அந்த லாடத்தில் நின்றது ஏற்கனவே உதிரம் வற்றிப்போயிருந்த கப்பற்படை.

அடுத்தது, இந்தப் போர் ஏன் முடிவைத் தீர்மானித்தது? இப்ராஹிமின் தரைப்படை தோற்கவில்லை; அடுத்த நாளும் பெலொப்பனீஸில் அவரே பலசாலி. ஆனால் எரிந்த நாட்டில் சோறு கிடையாது. தானே எரித்த நாடு அது. மாவும் வெடிமருந்தும் சம்பளமும் அலெக்ஸாந்திரியாவிலிருந்து கடல்வழியாக வந்தாக வேண்டும். கப்பல்கள் போனதும் அந்தப் படை, எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி ஆயிற்று. ஹைட்ரா தப்பியது. 1828 ஆகஸ்டில் காட்ரிங்டன் அலெக்ஸாந்திரியாவுக்கே போய் முகமது அலியோடு பேசி, படை திரும்ப ஒப்பந்தம் செய்தார். ஜெனரல் மேஸோன் தலைமையில் பிரெஞ்சுப் படையும் வந்து இறங்கியது. அக்டோபரில் இப்ராஹிம் கப்பலேறினார்.

சுல்தான் அப்போதும் இறங்கிவரவில்லை. கருங்கடலுக்கு வழியான ஜலசந்தியை மூடினார், ரஷ்யாவோடு செய்த உடன்பாட்டை உதறினார். 1828 ஏப்ரலில் ரஷ்யா போர் தொடுத்து, அடுத்த வருடம் எதிர்னே (அட்ரியானோபிள்) நகரம் வரை வந்துவிட்டது. அந்தப் போரும் சேர்ந்துதான் கதவைத் திறந்தது. நவரினோ ஒன்றே எல்லாம் என்று சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். 1830 பிப்ரவரி 3 லண்டன் ஆவணம் கிரேக்கத்தைச் சுதந்திர நாடு என்றது. 1827-இல் கப்பம் கட்டும் தன்னாட்சி என்று தொடங்கியது மூன்று வருடத்தில் முழு விடுதலை ஆயிற்று.

காட்ரிங்டனுக்கு என்ன கிடைத்தது? லண்டனில் அரசு மாறியிருந்தது. 1828 ஜனவரியில் அரசரின் நாடாளுமன்ற உரை, நவரினோவை நடந்திருக்கக் கூடாத சம்பவம் என்ற தொனியில் குறிப்பிட்டது. பழைய நண்பன் துருக்கி தளர்ந்தால் ரஷ்யா வளரும் என்ற கவலை. அந்த வருடமே அவரைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். தெளிவில்லாத உத்தரவைக் கொடுத்துவிட்டு, அதை நிறைவேற்றியவரைக் குற்றவாளி மாதிரி நடத்தியது பெரிய அநியாயம்.

கிரேக்கர்கள் அவரை மறக்கவில்லை. இன்றைய பைலோஸ் ஊரே மேஸோனின் பிரெஞ்சுப் பொறியாளர்கள் கோட்டைக்கு வெளியே திட்டமிட்டுக் கட்டியது. துறைமுகத்தை ஒட்டிய சதுக்கத்துக்கு மூன்று தளபதிகள் சதுக்கம் என்றே பெயர். நடுவில் மூவரின் முகங்களும் பதித்த தூண் நிற்கிறது. விரிகுடாவில் ஒரு சிறு திட்டில் பிரிட்டிஷ் நினைவுச்சின்னம், வாயில் இருக்கும் பாறைத் தீவில் பிரெஞ்சு நினைவுச்சின்னம், ஸ்ஃபக்டீரியாவில் ரஷ்யருடையது, பக்கத்தில் சின்ன மரத் தேவாலயம். ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே நினைவு விழா நடத்தி மலர்வளையம் வைக்கிறார்கள். அடியில், அதே தண்ணீருக்குள், எகிப்திலிருந்தும் அனதோலியாவிலிருந்தும் வந்த மாலுமிகளும் அவர்களுடைய கப்பல்களின் மரத்துண்டுகளும் கிடக்கின்றன.